கள்ளிக்கு ஒரு நாற்றங்கால்

தில்லித் தமிழர்களுக்குச் சண்டிகர் புதிய ஊர் அன்று. விடுமுறை நாள்களில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒருமுறையேனும் அங்குச் சென்றுவராத குடும்பம் நம் சங்கத்தில் அரிது. 1976ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற நேக் சந்தின் பாறைத் தோட்டத்தைக் காண்பது, ரோஜாத் தோட்டத்தில் சிறிது நேரம் அமர்வது, சுக்னா ஏரிக்கரையில் உலாவுவது, 31ஆம் செக்டரில் கோயில் கொண்டுள்ள கார்த்திகேய சுவாமியை வணங்குவது, மாலை வண்டியில் திரும்புவது: இதுவே நம்மவர் வழக்கம்.

ஆனால் சண்டிகர் ரயில் நிலையத்தின் மறுபுறம் இறங்கினால் அரியானா மாநிலத்தைச் சேர்ந்த பஞ்சகுலா என்னும் நகரம் இருக்கிறது. சிவாலிக் குன்றுகள் அண்மையில் தெரியும் அழகிய ஊர். அங்கே 5ஆம் செக்டரில், ஏழு ஏக்கர் நிலப்பரப்பில், கள்ளிகளுக்கென்றே ஒரு தோட்டம் அமைத்திருக்கிறார்கள். 1987ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அத்தோட்டத்தை உருவாக்கியவர் ஜே. எஸ். சர்க்காரியா என்னும் பெரியார். கள்ளிக்கு ஒரு தோட்டமா என்று வாசகர்கள் வியக்கலாம். நானும் வியந்தவன்தான். அந்த வியப்பு எங்கள் வீட்டுப் பலகணிவரை வந்து சேர்ந்த கதையையே இங்கு எழுதுகிறேன்.

என் தாயார் சிவகங்கைச் சீமையில் ஒரு சிற்றூரில் எழுபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தவர். என் தந்தையார் மறைந்தபின், அவர் தனித்திருத்தல் கூடாது என்று மருத்துவர் கூறியதால், ஐப்பசி மாதத்தில் ஊர் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அவரைத் தில்லிக்கு அழைத்து வந்தேன். மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள் கொண்ட வீடு எங்களுடையது. முற்றம் இல்லை, கிணறு இல்லை, மிதிக்க மண் இல்லை. அண்டை வீட்டாரின் மொழி அவருக்குப் புரியாது. காலையில் நாங்கள் வேலைக்கும் என் மகள் பள்ளிக்கும் புறப்பட்டபின், பலகணி ஓரத்தில் நாற்காலியைப் போட்டு அமர்வார். மாலையில் திரும்பி வரும்போதும் அங்கேயே அமர்ந்திருப்பார். நாள்தோறும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "ஏப்பா, ஊருக்கு எப்பப் போகலாம்?" என்னிடம் விடை இல்லை.

மாசி மாதத்தில் சண்டிகரில் உள்ள நண்பர் ஒருவரின் இல்லப் புதுமனை விழாவுக்குச் செல்ல நேர்ந்தது. அம்மாவையும் உடன் அழைத்துச் சென்றோம். தில்லியிலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர். காலை வண்டியில் புறப்பட்டால் நண்பகலுக்குள் சென்றுவிடலாம். பானிப்பட்டையும் குருச்சேத்திரத்தையும் கடந்து வண்டி சென்றபோது இருபுறமும் கோதுமைப் பயிர் பச்சைக் கம்பளம் விரித்திருந்தது. அம்மா வழியெல்லாம் பலகணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நெல்லு இல்லையே தவிர, நல்ல மண்ணுதான்" என்றார். நான்கு மாதங்களில் அவர் இந்தப் பகுதியைப் பற்றிச் சொன்ன முதல் நல்வாக்கு அது.

மறுநாள் நண்பர் எங்களைப் பஞ்சகுலாத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். உள்ளே நுழைந்ததும் அம்மா திகைத்து நின்றார். ஆள் உயரத்துக்கு மேல் தூண்போல நிமிர்ந்து நிற்பவை, பந்துபோல உருண்டு கிடப்பவை, வெண்பஞ்சு போர்த்தவை, பாம்புபோலத் தரையில் ஊர்பவை என எத்தனையோ வகைகள். கண்ணாடி மனைகளுக்குள் சிறு தொட்டிகளில் மேலும் பல இருந்தன. பொன்னிற முட்கள் நெருங்கிய பெரிய உருண்டைக் கள்ளி ஒன்றைக் காட்டி, "இதற்கு ஜெர்மானியர் இட்டிருக்கும் பெயர் மாமியார் நாற்காலி" என்று நண்பர் விளக்கினார். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவோ வாய்விட்டுச் சிரித்தார். தந்தையார் மறைந்தபின் அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

அதன்பின் அவரே எங்களுக்கு ஆசிரியர் ஆகிவிட்டார். ஒரு செடியின் முன் நின்று, "இது நம்ம சதுரக்கள்ளி மாதிரியில்ல இருக்கு! ஒடிச்சாப் பால் வரும், கண்ணுலே பட்டுறக் கூடாது" என்றார். அவர் கூறியது சரியே. நாம் கள்ளி என்று பொதுவாக அழைப்பவை ஒரே குலத்தைச் சேர்ந்தவை அல்ல. ஒடித்தால் பால் சுரக்கும் சதுரக்கள்ளி நம் நாட்டுக்கு உரியது, ஆமணக்கின் உறவு. ஆங்கிலத்தில் காக்டஸ் எனப்படும் குலமோ, ஏறத்தாழ முழுவதும் அமெரிக்கக் கண்டங்களில் தோன்றியது. அதற்குப் பெரும்பாலும் பால் இல்லை. முட்கள் யாவும் பஞ்சுபோன்ற சிறு திட்டுகளிலிருந்தே கிளம்பும். கற்றாழை வேறொரு குலம். இவை அனைத்துக்கும் பொதுவானது ஒன்றுதான்: இலையிலோ தண்டிலோ வேரிலோ நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஆற்றல். இவற்றுள் பல, பகலில் தம் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, வெப்பம் தணிந்த இரவிலேயே திறந்து காற்றை உட்கொள்கின்றன. அதனால் நீர் வீணாவது குறைகிறது. நம் ஊர்களில் வாயிற்படிக்கு மேல் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் கற்றாழை, மண்ணும் நீரும் இன்றி மாதக்கணக்கில் உயிரோடிருப்பது எதனால் என்று எனக்கு அன்று விளங்கிற்று.

சப்பாத்திக்கள்ளியின் முன் வந்தபோது அம்மா இன்னும் ஒரு செய்தி கூறினார். "எங்க ஐயா சொல்லுவாரு. அவரு சின்னப் பையனா இருக்கையிலே ஊரைச் சுத்தி இந்தக் கள்ளிதானாம். ஆடு மாடு நுழைய முடியாதாம். அப்புறம் ஏதோ வெள்ளைப் பூச்சி விழுந்து எல்லாம் வெந்து போச்சாம்."

இது வெறும் பாட்டிக் கதை அன்று, வரலாறு. சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன்மேல் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து விலையுயர்ந்த செஞ்சாயம் கிடைக்கும் என்பதற்காக, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தியாவில் இக்கள்ளியை வளர்க்க முற்பட்டனர். சென்னையில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் சைதாப்பேட்டையில் இதற்கெனவே ஒரு தோட்டம் வைத்தார். 1795இல் பிரேசில் நாட்டிலிருந்து பூச்சியும் வந்தது. ஆனால் வந்தது நற்சாயம் தரும் இனம் அன்று. சாயத் தொழில் செழிக்கவில்லை. சப்பாத்திக்கள்ளியோ காலப்போக்கில் தென்னாட்டுக் காடுமேடெல்லாம் பரவிற்று. பின்னர் 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பெற்ற, வெண்பஞ்சு போர்த்த மற்றொரு பூச்சியே அதனை அடக்கிற்று. என் பாட்டனார் இளமையில் கண்ட காட்சி அதுவாகத்தான் இருக்க வேண்டும். சிவகங்கைச் சீமையின் ஒரு நினைவுக்குப் பஞ்சகுலாவில் விளக்கம் கிடைத்தது.

தோட்டத்தில் எங்கள் உரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அருகில் வந்தார். ஓய்வுபெற்ற பஞ்சாபி அன்பர். வீட்டில் கள்ளி வளர்ப்பவர். நான் மொழிபெயர்க்க, அம்மாவும் அவரும் அரைமணி நேரம் பேசினர். தம் இல்லத்துக்கு எங்களை அழைத்துச் சென்று தேநீர் அளித்தார். விடைபெறும்போது அம்மாவின் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார். "நட்சத்திரக் கள்ளியின் விதை, அறுபது இருக்கும்" என்றார். முள்ளில்லாமல், வெண்புள்ளிகள் தெளித்த, ஐந்து விளிம்புகளை உடைய மெக்சிகோ நாட்டுச் செடி அது. விதை ஒவ்வொன்றும் எள்ளைவிடச் சற்றுப் பெரியது, கரும்பழுப்பு நிறம், சிறு தொப்பிபோன்ற வடிவம். "செடியைக் கேட்டால் கொடுத்திருப்பேன். ஆனால் விதையிலிருந்து வளர்த்தால்தான் உங்களுக்கு அதன் குணம் தெரியும்" என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

தில்லி திரும்பியதும் அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். படித்தவன் அல்லவா! அம்மாவைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. செடிக்கடையில் இலையெரு கலந்த மண்ணை வாங்கினேன். இனிப்புக் கடையில் தரும் மூடியிட்ட தெளிந்த பிளாஸ்டிக் டப்பாவில் அதனை நிரப்பி, நாற்பது விதைகளைத் தூவினேன். டப்பாவை மூடித் தென்புறப் பலகணியில் வைத்து, காலையும் மாலையும் நீர் தெளித்தேன். ஐந்தாம் நாளே பச்சை மணிகள் தலைகாட்டின. பத்து நாள்களில் முப்பத்தொரு முளைகள்! வீடெங்கும் மகிழ்ச்சி. அம்மா காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அந்த டப்பாவைத்தான்.

மூன்றாம் வாரத்தில் மண்ணின்மேல் சிலந்திவலைபோல் ஒரு வெண்படலம் தோன்றிற்று. முளைகள் அடியில் கண்ணாடிபோல் கசிந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. எஞ்சியவற்றைப் பங்குனி வெயில் மூடிய டப்பாவுக்குள் வேகவைத்துவிட்டது. நான்கு நாள்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அன்றிரவு அம்மா உண்ணவில்லை. "கள்ளிகூட முளைச்சு நிக்க மாட்டேங்குது இந்த வீட்டுலே. என்னை ஊருலே கொண்டுபோய் விட்டுருப்பா" என்றார். கோபமாகக் கூறியிருந்தால் தாங்கியிருப்பேன். மிகவும் தணிந்த குரலில் கூறினார்.

அடுத்த சில நாள்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் மகள்தான் ஒருநாள், "அப்பத்தா, ஊரில் நீங்கள் நாற்றுப் போட்டால் சாகாதா?" என்று கேட்டாள். அதற்கு அம்மா சொன்ன விடையை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன்.

"சாகாம என்ன? மிளகாய் நாத்து எத்தனை தடவை செத்திருக்கு! விதைக்கு முன்னாலே பாத்தியிலே செத்தையைப் போட்டு எரிப்போம். மண்ணுலே இருக்கிற பூச்சி புழு, களை விதை எல்லாம் போயிரும். ஒங்கப்பன் மண்ணை எரிச்சானா? நாத்துக்கு ஈரந்தான் வேணும், சேறு வேணாம். ரெண்டு வேளையும் தண்ணியை ஊத்துனான். நானா சொல்ல முடியும்? அவன் படிச்சவன்."

அச்சொற்கள் என்னைச் சுட்டன. பதினாறு வயது முதல் நாற்றங்கால் போட்ட கை, அதே வீட்டில் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் புட்டிநீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இந்நகரில் இல்லாமற்போனது முற்றமும் கிணறும் மட்டும் அல்ல. தம் சொல்லுக்கு ஒரு வேலை இல்லாமற்போனதே பெருங்குறை. உணவும் உடையும் மருந்தும் குறைவறக் கொடுத்துவிட்டு, அந்த ஒன்றைக் கொடுக்க நான் மறந்திருந்தேன்.

மறுநாள் அவரிடம் சென்று, "இன்னும் இருபது விதை இருக்கிறது. நீங்களே போடுங்கள், நான் கூலி ஆள்" என்றேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின், "இப்ப வேணாம். வெயில் ஏறிருச்சு. புரட்டாசியிலே பாப்போம்" என்றார். அவ்வளவில், புரட்டாசிவரை ஊருக்குச் செல்லும் பேச்சு நின்றுவிட்டது.

அன்று முதல் புரட்டாசிவரை விதைப் பொட்டலம் குளிர்ப்பெட்டியில் இருந்தது. பின் அம்மா செய்த முறையை நம் அன்பர்களுக்குப் பயன்படும் என்று இங்கே தருகிறேன். பஞ்சாபி அன்பர் தொலைபேசியில் கூறிய யோசனைகளும் இதில் கலந்துள்ளன.

முதலாவது மண். கட்டட வேலைக்குப் பயன்படும் பதர்பூர் என்னும் செந்நிறப் பருமணலைச் சலித்து, தூசியைக் கழுவி நீக்கி, இரண்டு பங்கு எடுத்தோம். அத்துடன் ஊறவைத்துப் பிழிந்த தேங்காய்நார்த் தூள் ஒரு பங்கு. செங்கல் குருணை ஒரு பங்கு. எரு சேர்க்கவில்லை, சின்னஞ்சிறு முளைக்கு அது வேண்டுவதில்லை. மாடி வீட்டில் செத்தையைப் போட்டு எரிக்க இயலாதே. எனவே பழைய இட்லிப் பானையில் தட்டின்மேல் மண்ணைத் துணியில் கட்டி வைத்து, அரைமணி நேரம் ஆவியில் வேகவைத்தோம். (அந்தப் பானை அதன்பின் அடுக்களைக்குத் திரும்பவில்லை என்பதை என் மனைவியின் சார்பில் தெரிவித்துக்கொள்கிறேன்.)

இரண்டாவது விதைப்பு. அடியில் துளையிட்ட சிறு தட்டில் மண்ணை நிரப்பி, அதனை நீருள்ள தாம்பாளத்தில் வைத்தால், நீர் அடியிலிருந்து மெல்ல ஏறி மேல்மண் கருக்கும். உடனே எடுத்து வடியவிட வேண்டும். விதைகளை மேலே பரப்பி மெல்ல அழுத்தினால் போதும், மண்ணிட்டு மூடலாகாது. கள்ளி விதைகளுள் பல ஒளி பட்டால்தான் முளைக்கும்.

மூன்றாவது இடம். தட்டை மூடியுள்ள தெளிந்த டப்பாவுக்குள் வைத்து, நேர்வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள கிழக்குப் பலகணி அருகே வைத்தோம். 20 முதல் 30 டிகிரிவரை வெப்பம் இருந்தால் நன்று. தில்லியில் மாசியும் புரட்டாசியும் இதற்கு ஏற்றவை. மூடியின் உட்புறம் நீர்த்துளி நிற்கும்வரை நீர் வேண்டாம். துளிகள் மறைந்தால், முன்போலவே அடியிலிருந்து ஊட்டலாம்.

நான்காவது பொறுமை. நட்சத்திரக் கள்ளி ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். வேறு சில இனங்கள் ஒரு மாதமும் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். முளைக்கவில்லை என்று கொட்டிவிடக் கூடாது. முளைத்து ஒரு மாதம் ஆனபின் மூடியை நாளுக்கு ஒருமணி நேரம் திறந்து, பின் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி, வீட்டுக் காற்றுக்குப் பழக்க வேண்டும். முளை சிவந்தால் ஒளி மிகுதி. வெளுத்து நீண்டால் ஒளி போதாது. வெண்படலம் தோன்றினால் மூடியைத் திறந்து காற்றோட்டம் தர வேண்டும். ஒன்றையொன்று நெருக்கும் அளவுக்குப் பருத்தபின்பே பெயர்த்து நட வேண்டும். அதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை ஆகலாம்.

இருபது விதைகளில் பதின்மூன்று முளைத்தன. முதலில் பச்சை மணி. அதன் உச்சியில் இரு சிறு இதழ்களின் சுவடு. பின் நடுவிலிருந்து பஞ்சுபோன்ற முதல் திட்டு. என் மகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, நாள்தோறும் அப்பத்தாவிடம் செய்தி கூறுவாள். எங்கள் மாடிப்படியில் வாழும் வங்காளி அம்மையாரும் கீழ்வீட்டுப் பஞ்சாபி மருமகளும் வந்து பார்க்கத் தொடங்கினர். மொழி தெரியாமலே அம்மா அவர்களுக்கு நீர் ஊட்டும் முறையைக் கையால் விளக்கினார். "தோடா பானி" என்னும் இரண்டு இந்திச் சொற்களைக் கற்றுக்கொண்டார். கள்ளி வளர்ப்புக்கு வேண்டிய இந்தி அவ்வளவே!

மார்கழியில் தில்லியின் குளிர் நமக்குத் தெரியும். இரவில் டப்பாவைப் பழைய கம்பளித் துணியால் சுற்றி அறையின் நடுவே வைப்பார். பகலில் பனிமூட்டம் விலகியபின் பலகணிக்குக் கொண்டுவருவார். வளர்ந்த கள்ளிகளுக்குக் கடுங்குளிரில் நீரை நிறுத்திவிட வேண்டும். ஓராண்டு நிரம்பாத குஞ்சுகளை முழுதும் காயவிடலாகாது என்பதால், நண்பகலில் மட்டும் சிறிதளவு ஈரம் காட்டினார். இரண்டு முளைகள் குளிரில் போயின. பதினொன்று பிழைத்தன. பங்குனியில் அவை பட்டாணி அளவு பருத்து, உச்சியில் வெண்புள்ளிகள் தெளிந்து நின்றன.

அதே பங்குனியில் அம்மா, "ஊருலே கோயில் திருவிழா வருது. போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். "போயிட்டு வரட்டுமா" என்ற சொல்லை நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கேட்டோம். அதுவரை அவர் "போகணும்" என்றுதான் சொல்லிவந்தார். பெரியம்மா மகன் ஊரிலேயே குடியேறியிருந்ததால், இரண்டு மாதங்கள் துணைக்கு ஆள் உண்டு. நானே சென்று பூட்டைத் திறந்து விட்டுவந்தேன். ரயிலில் மடியில் ஒரு டப்பாவை வைத்துக்கொண்டே வந்தார். அதில் ஐந்து செடிகள். ஆறு செடிகள் தில்லியில், என் பொறுப்பில்.

இப்போது வாரந்தோறும் தொலைபேசியில் கணக்குக் கேட்கிறார். "எத்தனை இருக்கு?" என்பார். "ஆறும் இருக்கிறது" என்று சொல்லும்போது பள்ளி மாணவனைப்போல் ஒரு பெருமிதம் உண்டாகிறது. ஆனி பிறந்ததும் திரும்பி வருவதாகப் பயணச்சீட்டும் வாங்கியாயிற்று. ஊர் வீட்டுச் சாவி இம்முறை அவர் இடுப்பிலேயே இருக்கும்.

அன்பர்களே, அயலூரில் வாழும் நம் இல்லங்களில் முதியோர் பலர் பலகணி ஓரத்தில் அமர்ந்திருக்கின்றனர். இதற்கென்று பெரும் பொருட்செலவு ஒன்றும் இல்லை. விதை வாங்கி வளர்ப்போர் பெருகினால், காடுகளிலிருந்து அரிய செடிகளைக் களவாகப் பிடுங்கி விற்போரின் வணிகமும் குன்றும். அடுத்த முறை சண்டிகர் செல்லும்போது நிலையத்தின் மறுபுறம் இறங்கிப் பஞ்சகுலாத் தோட்டத்தையும் பாருங்கள். வீட்டுப் பெரியவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்து விதை போடும்போது, முதலில் அவரைக் கேளுங்கள். நான் நாற்பது விதைகளைச் சாகவிட்டுக் கற்ற பாடம் அது.